‘அலொக்கேஷன் புரொஃபைலர்’ தமிழில்? வெள்ளிக்குள் வேண்டும்

சேலத்து ஆசிரியை, செவ்வாய் இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஜாவா வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். பிள்ளைகள் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஒரு தமிழ்க் கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரல் எழுதியிருக்கிறார்கள். விடை சரி. ஆனால் தேவை முடிந்த பொருள்களின் நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான் ஓயாமல் ஓடுகிறது. எந்த வகைப் பொருளுக்கு எவ்வளவு நினைவகம் போகிறது என்று காட்டுவது அலொக்கேஷன் புரொஃபைலர். விஷுவல்விஎம் என்ற கருவியில் அதைப் போட்டுப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் பைட் அணி, அடுத்து ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்), அதற்கடுத்து இன்டிஜர் (முழு எண்). இதைத்தான் விளக்க வேண்டும். தாளில் ‘நினைவக ஒதுக்கீட்டுச் சுயவிவரமாக்கி’ என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது.

மதுரைப் புலவர், புதன் காலை 5.15

அம்மா, சுயவிவரம் என்பது ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கும் தாள். அது வேண்டாம். குறள் 948ஐ எடுத்துப் பாருங்கள்: ‘நோய்நாடி நோய்முதல் நாடி’. இந்தக் கருவி செய்வது வேறென்ன? நாடுவது நாடி. உலாவி, வருடி போல இகர ஈறு பெற்று நிற்கும்.

‘ஒதுக்கீடு’ எனக்கு உவப்பில்லை. ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. மழைக்கு ஒதுங்கினான், ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். விலக்குதல் அதன் அடியிலேயே கிடக்கிறது. கேட்டவனுக்குக் கேட்ட அளவு தருவதற்கு நம்மிடம் ‘படியளத்தல்’ இருக்கிறது. ஆக, ‘படியளப்பு நாடி’.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் காலை 8.02

ஐயா, குறளில் வருகிற நாடி வினையெச்சம். கையைப் பிடித்துப் பார்க்கிற நாடி வடமொழியிலிருந்து வந்த பெயர். உருவம் ஒன்று, பிறப்பு இரண்டு. போதாததற்கு எங்கள் ஊரில் நாடி என்றால் முகவாய். ‘படியளப்பு நாடி’ என்றால் பிள்ளைகள் நாடியில் கை வைத்து யோசிக்க வேண்டியதுதான்.

சென்னை உறுப்பினர், புதன் காலை 10.30

புரொஃபைலர் என்றே விடுங்கள். நாளைக்கு வேலைக்குப் போனால் திரையில் அதுதான் இருக்கும்.

மதுரைப் புலவர், புதன் காலை 10.41

உலாவிக்கும் இதையேதான் சொன்னீர்கள்.

பெங்களூரிலிருந்து, புதன் இரவு 11.20

பெயர் வைக்கும் முன் பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிடலாமா?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் பரிமாறுகிறவர் ஒவ்வொரு கரண்டிக்கும் சமையற்கட்டுக்கு ஓடுவதில்லை. ஆளுக்கொரு வாளி. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மும், புதுப் பொருள்கள் பிறக்கும் ஈடன் என்ற நினைவகப் பகுதியில் ஒவ்வொரு இழைக்கும் (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலைத்தொடருக்கும்) ஒரு வாளி இடத்தைக் கொடுத்துவிடுகிறது. இழை யாரையும் கேட்காமல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வாளி தீர்ந்தால்தான் மறுபடி சமையற்கட்டு. ஒவ்வொரு கரண்டியையும் எண்ண ஆரம்பித்தால் பந்தியே நின்றுவிடும். அதனால் ஜேவிஎம்மின் பதிவுக் கருவியான ஃப்ளைட் ரெக்கார்டர் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு, யார் புது வாளி எடுக்கிறார், எந்த இலைக்காக எடுக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டது. ஜாவா நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயின் 16ஆம் பதிப்பில் இதையும் கொஞ்சம் மாற்றி, குறிப்பு மிதமிஞ்சிப் போகாமல் மட்டுப்படுத்தினார்கள். 2018இல் ஜேடிகே 11 தந்த இன்னொரு வழி, சராசரியாக 512 கிலோபைட்டுக்கு ஒரு மாதிரி எடுப்பது. எல்லாமே மதிப்பீடுதான், கணக்கு அல்ல.

அப்புறம், இந்தக் கருவி தருவது பிறப்புப் பதிவேடு. யார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் குவியலையே, அதாவது பொருள்கள் இருக்கும் மொத்த நினைவகப் பகுதியையே, படியெடுத்துப் பார்க்க வேண்டும், அது மக்கள்தொகைக் கணக்கு. டீச்சர் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த நிரலில் கசிவு, அதாவது வேலை முடிந்தும் விடாமல் பிடித்துவைத்த நினைவகம், இல்லை. பிறந்ததும் சாகிறவை ஏராளம், அவ்வளவே. -128 முதல் 127 வரையான இன்டிஜர்களை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. ‘ஒரு’ என்ற சொல்லின் எண்ணிக்கை 127ஐத் தாண்டியபின் ஒவ்வொரு தடவை ஒன்று கூட்டும்போதும் புதிதாக ஒரு 16 பைட்.

மேலே நிற்கும் பைட் அணி எழுத்துகளுடையது. ‘அம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், தலைக்கு 2 பைட். அணியின் தலைப்பு 16ஐச் சேர்த்தால் 26, எட்டின் மடங்காக்கினால் 32. ஸ்ட்ரிங் பொருளுக்கு 24. மொத்தம் 56, வழக்கமான 64 பிட் அமைப்பில். அதையே ஆங்கில எழுத்து நான்கில் எழுதினால் 48.

கருவிக்கு என் ஓட்டு ‘ஒதுக்கீட்டு அலசி’.

மதுரைப் புலவர், வியாழன் காலை 4.50

தம்பி, அம்மாவுக்கு எட்டு பைட் கூடுதலாகக் கொடுத்ததில் தவறில்லை.

அலசுவது துணியை. ஆனால் உங்கள் மடலில் ‘குவியல்’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. களத்தில் போரடித்துக் குவித்த நெல்லுக்குப் ‘பொலி’ என்று பெயர். காற்று வரும் பக்கம் பார்த்துப் பொலி தூற்றுவார்கள். மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போகும். குப்பை சேகரிப்பான் என்று ஏன் நகராட்சி வண்டியைக் கூப்பிட வேண்டும்? ‘தூற்றி’ என்று வைத்தால் என்ன?

பெங்களூரிலிருந்து, வியாழன் காலை 9.05

கேட்டது கருவிக்குப் பெயர், ஐயா களத்துமேட்டுக்குப் போய்விட்டார். இருந்தாலும் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஈடனைக் காலி செய்கிறவன் குப்பையைத் தொடுவதே இல்லை. உயிருள்ளவற்றை மட்டும் பொறுக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு மொத்த இடமும் காலி என்று அறிவித்துவிடுவான். சேகரிப்பது மணியைத்தான். இத்தனை வருடம் ‘குப்பை’ என்றே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சேலத்து ஆசிரியை, வியாழன் மாலை 6.15

ஐயா, ‘தூற்றி’ என்றால் பிள்ளைகளுக்குப் புறம்பேசுகிறவர்தான் நினைவுக்கு வருவார். களம் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

இன்று இரண்டு மாணவிகளிடம் சொற்களை வாசித்துக் காட்டினேன். ‘ஒதுக்கீடு’ என்றதும் ஒருத்தி, “கோட்டாவா மிஸ்?” என்றாள். ‘படியளப்பு’க்கு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘அலசி’ புரிந்துவிட்டது. பந்தி உதாரணம் அதைவிட நன்றாகப் புரிந்தது. வாளி எடுப்பவரின் பெயரைக் குறிப்பவர் யார் என்று கேட்டேன். “மொய் எழுதுறவர் மாதிரி ஒருத்தர்” என்றாள் இன்னொருத்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் இரவு 8.30

கோட்டா பயம் வேண்டாம். ‘நினைவக’ என்று முன்னால் வந்தால் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். நிதி ஒதுக்கீடு என்று தினமும் செய்தியில் வாசிக்கிறார்கள்தானே. அலசிக்கு என் வாக்கு.

சென்னை உறுப்பினர், வியாழன் இரவு 8.44

இந்தியில் அல்சி என்றால் ஆளி விதை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சேலத்து ஆசிரியை, வெள்ளி பகல் 2.10

அலசி 3 (என்னையும் சேர்த்து), நாடி 1, புரொஃபைலர் 1. மற்றவர்கள் மௌனம். தாளில் ‘நினைவக ஒதுக்கீட்டு அலசி’ என்று போட்டுவிட்டேன், கீழேயே ‘புரொஃபைலர் என்றும் சொல்வர்’ என்று ஒரு வரி. குப்பை சேகரிப்பான் இந்த முறை அப்படியே இருக்கட்டும். எல்லாருக்கும் நன்றி. கடைக்குக் கிளம்புகிறேன்.

மதுரைப் புலவர், வெள்ளி பகல் 2.25

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. ஆனால் அச்சேறுமுன் ஒன்று: ‘ஒதுக்கீட்டு அலசி’ என்று பிரித்து எழுதக் கூடாது. குற்றியலுகரம் உயிர்வரின் ஓடும். ‘ஒதுக்கீட்டலசி’.

பெங்களூரிலிருந்து, வெள்ளி பகல் 2.31

ஐயா, தேடுபொறியில் ‘அலசி’ என்று தட்டினால் அது அகப்படாது.

யாழ்ப்பாணத்திலிருந்து, வெள்ளி பகல் 2.50

நாங்கள் பாடநூலிலேயே ‘தொழினுட்பம்’ என்று சேர்த்துத்தான் எழுதுகிறோம், ஒருவரும் தொலைந்து போகவில்லை. ஐயா பக்கம் நிற்கிறேன்.

சேலத்து ஆசிரியை, வெள்ளி பகல் 3.20

அச்சாகிவிட்டது. அறுபது பிரதி. இடைவெளியோடுதான்.