பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்பவருக்கு உதவியவர்கள் எழுதுங்கள் – ஊராட்சித் தேர்தல்

வைகைக்கரை:
உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. "நிற்க ஆள் இல்லை" என்கிற பேச்சு வேண்டாம். நிற்க வருகிறவர் எங்கே தடுக்கி விழுகிறார்? அதை மட்டும் எழுதுங்கள்.

தாமிரபரணி:
முதலில் வாக்காளர் பட்டியல். கல்யாணமாகி வந்தவரின் பெயர் பிறந்த ஊரிலேயே கிடக்கும். சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சிப் பட்டியல் தயாராகிறது. அதனால் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றுவது, தேர்தல் பேச்சு எழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பட்டியல் சாதிப் பெண்களுக்கான இடம் என்றால் சாதிச் சான்று பெற்றோர் வழியில் வாங்கியது; கணவர் வழி செல்லாது. மனுத்தாக்கல் கடைசி நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

வார்டு உறுப்பினர் மனு என்றால் முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருதானே என்று கையெழுத்து வாங்குவார்கள், தெரு வேறு வார்டில் இருக்கும், பரிசீலனையில் மனு போய்விடும். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாமல் "இல்லை" என்றாவது எழுதச் சொல்லுங்கள். வீட்டுவரி ரசீதும் கையில் இருக்கட்டும். 2019, 2021 தேர்தல்களில் டெபாசிட் வார்டுக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பாதி. தலைவர் பதவிக்குச் செலவு வரம்பு 34,000 என்று வைத்திருந்தார்கள். நடப்பில் எவ்வளவு செலவாகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கணக்கை மட்டும் தோற்றவரும் 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நிற்கவே தடை வரும்.

இன்னொன்று: மனுவில் நிற்கிற பெண்ணுடைய செல்போன் எண்ணையே எழுதுங்கள். கணவர் எண் போனால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் அழைப்பெல்லாம் ஐந்து வருடத்துக்கும் கணவருக்கே போகும்.

வெண்ணாறு:
அண்ணன் சொன்னதெல்லாம் ஜெயிக்கிற வரைக்கும். அதற்கப்புறம்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, துணைத்தலைவரும் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவர் தேர்தல் மன்றத்துக்குள், வார்டு உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு நடக்கிறது. தலைவர் இடம் பெண்ணுக்கு என்றதும், ஊரில் பழைய செல்வாக்கு உள்ளவர் ஏதாவது ஒரு பொது வார்டில் நின்று துணைத்தலைவர் ஆகிவிடுவார். பிறகு கமிஷனோ காண்ட்ராக்டோ படியாவிட்டால் கையெழுத்து வராது. தெருவிளக்கு பில், துப்புரவுப் பணியாளர் சம்பளம் எல்லாம் நிற்கும். திட்டு தலைவருக்கு.

ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஊராட்சிகள் சட்டம் பிரிவு 203-ஐ வைத்துக் கையெழுத்து அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பதுதான் வழக்கமான தீர்வு. பில் நகரும், கூடவே அந்தப் பெண்ணின் கையெழுத்தும் போய்விடும். என் கணக்கில் இது உதவியே இல்லை.

ஆகவே தலைவருக்கு மட்டும் ஆள் தேடாதீர்கள். 9 வார்டு ஊராட்சியென்றால் ஒத்துப்போகிற 5 பேரையாவது வார்டுகளில் நிறுத்துங்கள், துணைத்தலைவர் யார் என்பதையும் அப்போதே பேசி வையுங்கள். மகளிர் குழுக்களில் கணக்கு நோட்டு எழுதிப் பழகியவர்கள் இதற்குப் பொருத்தம். கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் கட்சித் தயவும் தேவையில்லை. கட்சிகள் ஆள் நிறுத்துகிற சட்டமன்றத் தேர்தலில், 2021-ல், 234-ல் 12 பெண்கள்தான் ஜெயித்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

பாலாறு:
அக்கா சொன்னதோடு ஒன்று. கிராமப்புறத்தில் ஒருவர் கையில் நான்கு வாக்குச்சீட்டு வரும்: வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கையும் சேர்த்துப் பிரசாரம் செய்தால் வயதானவர்கள் குழம்புவார்கள். "ரோஸ் சீட்டு, இந்தச் சின்னம்" என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். முதலில் நெடுக்காக மடித்து, அப்புறம் குறுக்காக மடிக்க வேண்டும். எடுத்ததுமே குறுக்காக மடித்தால் முத்திரை மை வேறொரு சின்னத்தில் ஒட்டி, எண்ணும் இடத்தில் தகராறு.

வெண்ணாறு:
பதவியேற்றதும் தீர்மானப் புத்தகம். எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது. எழுதிய கடைசி வரிக்கு ஒட்டிக் கீழே போட வேண்டும், இடைவெளி விட்டால் அங்கே இன்னொரு தீர்மானம் முளைக்கும். அன்றைக்கே போனில் படம் எடுத்து வைக்கட்டும்.

நாற்காலியும் முக்கியம். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் 2020-ல் வெளியே வந்த பிறகுதான் வழக்கு பாய்ந்தது. முதல் கூட்டத்துக்கே வார்டுப் பெண்கள் நான்கு பேர் தலைவரோடு சேர்ந்து, மற்றவர்களுக்கு முன்னால் போய் உட்காரட்டும்.