கதையைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம், ஊர் நூலகத்தில் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். ஜூன் 19, வாசிப்பு தினத்தன்று தொடங்கியது. ஒன்பது பிள்ளைகள், 13 முதல் 16 வயது. மூன்று பேர் மலையாள மீடியம். தமிழ் சரளமாகப் பேசுவார்கள், படிப்பது எழுத்துக்கூட்டித்தான்.

இப்போது படிப்பது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய இளையோர் நாவல். எல்லாரும் முடித்துவிட்டார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு சார்’, அவ்வளவுதான். எழுதித் தரச் சொன்னேன். ஒரு பெண் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ‘இக்கதை தரும் நீதி’ என்று பரீட்சை விடை எழுதி வந்தாள். பெயர் போடாத சீட்டு கொடுத்தேன், கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துச் சிரிப்பு. பத்துக்கு மார்க் போடச் சொன்னால் எல்லாரும் எட்டு. அவர்களில் ஒருவனையே நடத்தச் சொன்னது இன்னும் மோசம், அவன் குட்டி வாத்தியார் ஆகிவிட்டான்.

கொடுமை என்னவென்றால், வெளியே பஸ் ஸ்டாப்பில் இதே கூட்டம் கதையில் கீழடிக்குப் போகும் அந்தப் பையனைப் பற்றித் தமிழும் மலையாளமும் கலந்து சண்டை போடுகிறது. நான் பக்கத்தில் போனால் சட்டென்று அமைதி. (நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். அதுதான் வினையோ என்னவோ.)

இந்த வயதுப் பிள்ளைகளோடு புத்தகம் பேசியவர்கள் சொல்லுங்கள்: முதல் கேள்வியாக நீங்கள் எதைக் கேட்டபோது அவர்கள் பேச ஆரம்பித்தார்கள்?