ரத்தச் சீட்டில் ‘ஆன்டி-ஹியூமன்’: பயப்பட வேண்டுமா?

பெரம்பூர் வாசகி:
என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு ஓ நெகட்டிவ், மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ். ஆய்வகச் சீட்டில் ‘ஆன்டி-ஹியூமன் குளோபுலின்’ என்று இருக்கிறது. தத்துவம் படித்த எனக்கு, ‘ஆன்டி-ஹியூமன்’ என்றால், மனிதனை மையமாக வைக்கும் சிந்தனையை எதிர்த்த பிரெஞ்சுத் தத்துவவாதிகள் அல்தூசரும் ஃபூக்கோவும்தான். ரத்தத்தில் அதற்கு என்ன வேலை?

ஆய்வக நுட்புநர், அண்ணா நகர்:
பயம் வேண்டாம் அம்மா. அது சோதனைப் பொருளின் பெயர். முடிவு தனியாக இருக்கும். 1945இல் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்ட முறை. மனித ரத்தப் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கும். அதுதான் ஆன்டி-ஹியூமன் குளோபுலின். தாயின் சீரத்தை, அதாவது ரத்தத் தெளிநீரை, பாசிட்டிவ் சிவப்பணுக்களுடன் 37 டிகிரியில் வைத்து, உப்புநீரில் நன்றாகக் கழுவி, இந்தச் சோதனைப் பொருளைச் சொட்டுவிட்டுச் சுழற்றுவோம். தாயின் எதிர்ப்பொருள் அணுக்களில் ஒட்டியிருந்தால், இது அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும். குழாயை மெல்லத் தட்டும்போது சிவப்புக் கட்டியாக எழும். இல்லையென்றால் புகைபோலக் கலைந்துவிடும். முடிவு நெகட்டிவ் என்றால், தாயின் உடலில் அந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை, மருத்துவர் சொல்லும் வாரத்தில் தவறவிடாதீர்கள். குழந்தையைக் காக்கும் சோதனை இது.

மயிலாப்பூர்க்காரர்:
ஃபூக்கோவும் மனிதரை வெறுத்தவர் அல்ல. ‘மனிதன்’ என்ற கருத்தே அண்மையில் உருவானது என்றார், 1966இல். எனக்குக் கோபம் தொழில்நுட்பத்தின் மீதுதான். என் அப்பாவின் விரல்ரேகை தேய்ந்துவிட்டது. இயந்திரம் ஏற்கவில்லை என்று ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மனித விரோதம் என்றால் அதுதான்.

ஆய்வக நுட்புநர், அண்ணா நகர்:
ஐயா, உயிர்வாழ் சான்றுக்கு, ஜீவன் பிரமாண் என்ற அரசின் இணையச் சேவையில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசி போதும், வீட்டிலிருந்தே செய்யலாம்.