சொட்டுநீர் மானியம்: 20 சென்ட் கூடினால் 65,000 ரூபாய் கைக்காசா?

கரிசல்காடு:
புஞ்சை 5 ஏக்கர் 20 சென்ட். அண்ணன் தம்பி இருவர் பேரில் கூட்டுப் பட்டா. தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை சிறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், தாண்டினால் 75 என்கிறார்கள். கூடுதல் 20 சென்ட்டுக்கு மட்டும் 75-ஆ, மொத்தத்துக்குமா? வரம்பை மாற்றச் சொல்லி மனு கொடுத்தால் என்ன கேட்கலாம்?

வரப்பு:
மொத்தத்துக்கும்தான். ஏக்கருக்கு 50,000 ஆகிறது என்று வையுங்கள். 5 ஏக்கர்காரருக்குக் கைக்காசு பூஜ்யம். 5.20 ஏக்கருக்கு 2,60,000 ஆகும், அதில் கால் பங்கு 65,000. வருமான வரி மாதிரி படி வைத்து, முதல் 5 ஏக்கருக்கு 100, மீதிக்கு 75 என்றால் 2,500-தான் வரும். மனுவில் இதைக் கேளுங்கள். வரம்பை 6 ஆக்கினால் 6.10-காரர் இதே பாட்டைப் பாடுவார். மத்திய அரசு கணக்கில் சிறு, குறு விவசாயிக்கு 55, மற்றவர்க்கு 45. மேற்கொண்டு போடுவது மாநிலம், அதனால் மனு சென்னைக்குப் போகட்டும்.

நிலவரம்:
மனு கிடக்கட்டும், உங்களுக்கு வரம்பே இடிக்காதே! சரிபாதி என்றால் ஆளுக்கு 2.60, வேறு ஊரில் நிலம் இல்லாவிட்டால் இருவருமே சிறு விவசாயிதான். பாகப்பிரிவினையைப் பதிந்து, உட்பிரிவோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளந்து தனிப் பட்டா வந்த பிறகே சிறு விவசாயி சான்று வாங்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே வாங்கினால் சான்றில் பழைய சர்வே எண், சிட்டாவில் புது எண்; விண்ணப்பம் திரும்பிவிடும்.

இன்னொன்று, கிணறு ஒருவர் பாகத்தில் விழும். தண்ணீர்ப் பங்கு, பைப் போகும் பாதை இரண்டையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மற்றவருக்கு நீராதாரம் காட்ட வழியிருக்காது.

மடைக்காரன்:
என்னைக் கேட்டால் ஏக்கர் வரம்பே தப்பான அளவுகோல். ஒன்றரை மீட்டருக்கு ஒரு பக்கக் குழாய், 60 சென்டிமீட்டருக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டும் ஒரு டிரிப்பர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,500 டிரிப்பர், மணிக்கு 18,000 லிட்டர் வேண்டும். போர் 9,000 லிட்டர்தான் தள்ளுகிறதென்றால் ஒரு நேரத்தில் அரை ஏக்கர்தான் பாயும். 5 ஏக்கருக்குப் பத்து வால்வு, வால்வுக்கு ஒரு மணி நேரம் என்றாலும் பத்து மணி நேரம். மும்முனை கரண்ட் அவ்வளவு நேரம் நிற்குமா? முழு ஏக்கருக்கும் மானியம் வாங்கிப் போட்டுவிட்டு, பாதிக் குழாயை எலி கடிக்க விடுவதுதான் மிச்சம். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் 7 வருஷம் கழித்துத்தான்.

டிசைன் போடுமுன் சித்திரையில் போரை அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு 200 லிட்டர் டிரம்மைப் பிடியுங்கள். 80 விநாடியில் நிறைந்தால் 9,000 லிட்டர். மோட்டார் போட்டவுடனே பிடித்தால் கூடுதலாகத்தான் காட்டும்.