அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா? அவசரம்

தெற்குவீதி:
வணக்கம். அப்பாவின் லேப்டாப் ரொம்ப ஸ்லோ. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது என்று வேறு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். ஞாயிறு இரவு பெங்களூருக்கு பஸ், அதற்குள் முடிக்க வேண்டும். எதைப் போடலாம்?

பென்குயின்பிரியன்:
யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ் மின்ட். பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், கீழே மெனு, டாஸ்க்பார் எல்லாம் உண்டு. அதன் 22-ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். வைரஸ் தொல்லை இல்லை.

நொய்யல்:
என்ன மாடல், எவ்வளவு ரேம், ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா? அப்பா அதில் என்ன செய்வார்? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டு யோசனைதான்.

மூத்தவாசகன்:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. தேடிப் படித்துவிட்டு வாருங்கள். பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாற்றுகிறவருக்கு யாராலும் உதவ முடியாது.

தெற்குவீதி:
ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். அப்பா தமிழில் மனு, கோயில் மலர்க் கட்டுரை எல்லாம் டைப் அடிப்பார். பிரிண்ட் எடுப்பார். யூடியூப் பார்ப்பார். அவ்வளவுதான்.

நொய்யல்:
விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அது முறைப்படி ஏறாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் எப்போதும் 100% காட்டினால் ஸ்லோவுக்குக் காரணம் அந்த ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எஸ்டி மாற்றாமல் லினக்ஸ் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கருப்பட்டி:
தமிழ் டைப் என்கிறீர்களே, எந்த முறை? தமிழ்99 விசைப்பலகையா, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாறுவதா, டைப்ரைட்டர் முறையா? என்ன எழுத்துரு? இதுதான் முக்கியமான கேள்வி, இதை யாரும் கேட்கவில்லை.

தெற்குவீதி:
தெரியவில்லை அண்ணே. அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், டைப்ரைட்டிங் தமிழ் ஹையர் பாஸ். விசையைப் பார்க்காமலே அடிப்பார்.

கருப்பட்டி:
அவர் அடித்த கோப்பு ஒன்றைத் திறந்து, எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. தலையில் புள்ளியும் கோடும் உள்ள ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் வானவில் எழுத்துரு மாதிரி வேறு குறியாக்கம். அதற்குத் தனியாக விசைப்பலகை மென்பொருள் வேண்டும், விண்டோஸை விட்டு வெளியே வந்தால் சிரமம். தமிழாகவே தெரிந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு, கவலையே இல்லை.

விசைமன்னன்:
இன்னும் பாமினியா? 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு ஆணை போட்டுவிட்டது. பாமினியில் அடித்ததைக் கூகுளில் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பையாக வரும். அப்பாவுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். உயிரெழுத்து இடக்கையில், மெய் வலக்கையில். சீக்கிரம் கைவந்துவிடும்.

கருப்பட்டி:
உங்களுக்கும் எனக்கும் கைவரும். ஆயுள் முழுக்க ஒரே முறையில் அடித்த விரல்களை எதற்கு மாற்றச் சொல்ல வேண்டும்? அவருக்கு ஏற்றபடி கணினிதான் மாற வேண்டும். யூனிகோடு வேண்டுமென்றால் லினக்ஸில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பிலேயே டைப்ரைட்டர் முறை இருக்கிறது. ஏறக்குறைய அதே விரல், வருவது யூனிகோடு.

மூத்தவாசகன்:
தமிழ்99 அரசு அறிவித்த தரம். பழைய முறைகளைத் தாங்கிப் பிடித்தே தமிழ்க் கணிமை இப்படி இருக்கிறது. அடிப்படை தெரியாதவர்களோடு வாதிட எனக்கு நேரமில்லை.

கீழவாசல்:
சண்டையை விடுங்கள். தம்பி பெங்களூர் போன பிறகு ஏதாவது நின்றுபோனால் அப்பா யாரிடம் கேட்பார்? எங்கள் ஊரில் பிரவுசிங் சென்டர் பையனுக்கு விண்டோஸ்தான் தெரியும். வீட்டுக்கு வந்து சரிசெய்ய ஆள் இருக்கிற சிஸ்டம்தான் பெரியவர்களுக்கு நல்ல சிஸ்டம் என்பேன். விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசும் கட்ட வேண்டாம். எஸ்எஸ்டி மட்டும் போட்டுக் கொடுங்கள்.

பென்குயின்பிரியன்:
2026-க்குப் பிறகு? நெட் வழியாக வேறு கணினியை இயக்கும் எனிடெஸ்க்கில், பெங்களூரில் இருந்தே மின்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம். என் மாமியார் மின்ட்டில்தான் இருக்கிறார், ஒரு தொல்லையும் இல்லை.

கீழவாசல்:
நெட் வராத அன்று எனிடெஸ்க் எப்படி வரும்?

நொய்யல்:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். தெற்குவீதி, மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் இருப்பது எதுவும் அழியாது. அப்பாவையே உட்காரவைத்து ஒரு மனு அடித்து பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். முதலில் பிரிண்டர். பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் பெரும்பாடு.

தெற்குவீதி:
ஏரியலில் ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி. பாமினிதான். பென்டிரைவில் ஓட்டினேன், எழுத்துரு கோப்பை ஏற்றியதும், வேர்டு மாதிரியான லிப்ரே ஆபீஸில் அப்பா வேகமாக அடித்தார். ஆனால் "அரசு" என்று தொடங்கினால் "ஆரசு" என்று வருகிறது. வரி நடுவில் சரியாக வருகிறது. பிரிண்டர் வேலை செய்யவில்லை.

கருப்பட்டி:
வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் அது. பாமினியில் 'அ' சின்ன எம், 'ஆ' பெரிய எம். ஆட்டோகரெக்ட் செட்டிங்கில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். வேர்டில் எப்போதோ யாரோ எடுத்து வைத்திருப்பார்கள், அதனால்தான் இதுவரை தெரியவில்லை.

கீழவாசல்:
பிரிண்டர் ஓடவில்லை என்றால் மனு அடித்து என்ன பயன்?

தெற்குவீதி:
எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் 10-ஐயே வைத்துவிட்டேன். நீட்டிப்பும் பதிவாகிவிட்டது. வேகமாக இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பென்குயின்பிரியன்:
அந்த பிரிண்டர் மாடலையாவது சொல்லிவிட்டுப் போங்கள். மின்ட்டில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன், அடுத்த அக்டோபருக்கு உதவும்.