மறு: மினிபீஸ்ட் – தமிழில் என்ன சொல்வது?

எழுதியது: பாலர்பள்ளி ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

> 'குறுவிலங்கு' என்று வைத்துவிடலாம். நேரான மொழிபெயர்ப்பு, குழப்பமில்லை.

குழப்பம் இருக்கிறது ஐயா. பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்தில் எறும்பு, நத்தை, மண்புழு போன்ற சின்ன உயிர்களைத் தேடிப் பார்க்க நாம் தயாரிக்கும் பயிற்சித்தாளுக்குத்தானே 'மினிபீஸ்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நேற்று வகுப்பில் "குறுவிலங்கு என்றால் எது?" என்று கேட்டுப் பார்த்தேன். எலி, முயல், பூனைக்குட்டி என்று வந்தது. ஒரு பிள்ளைகூட எறும்பைச் சொல்லவில்லை. விலங்கு என்றதும் நாலு காலும் வாலும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன.

'முதுகெலும்பிலி' பாடநூலுக்குச் சரி. ஆனால் சந்தையில் வாங்கும் இறாலும் கணவாயும்கூட முதுகெலும்பிலிதானே? நாம் பிள்ளைகளைத் தேடச் சொல்வது பூச்சட்டிக்கு அடியில் இருப்பவற்றை. அதோடு, மினிபீஸ்ட் என்பதே உயிரியல் வகைப்பாட்டில் இல்லாத சொல். பூச்சி, சிலந்தி, நத்தை, மண்புழு, மரவட்டை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட, பிரிட்டனின் பாலர் வகுப்புகளில் புழங்கும் செல்லப்பெயர் அது. செல்லப்பெயரைத் தமிழாக்கும்போது அகராதியைவிடப் பாட்டியிடம் போவதே மேல்.

பாட்டியிடம் சொல் இருக்கிறது: பூச்சிபொட்டு. "இருட்டில் போகாதே, பூச்சிபொட்டு கிடக்கும்" என்று கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்?

வெறும் 'பூச்சி' போதாதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். போதாது. நம் வீட்டுப் பயிற்சித்தாளில் முக்கியமான வேலையே கால் எண்ணுவதுதான். ஆறு கால் இருந்தால் பூச்சி. சிலந்திக்கு எட்டு. பூரானுக்குக் கணுவுக்கு ஒரு ஜோடி, மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி. நத்தைக்கு ஒரே பாதம், மண்புழுவுக்கு அதுவும் இல்லை. தலைப்பிலேயே எல்லாவற்றையும் பூச்சி என்று சொல்லிவிட்டு அப்புறம் எதை எண்ணச் சொல்வது? ஏற்கெனவே 'எட்டுக்கால் பூச்சி' என்ற பெயரோடு மல்லுக்கட்டுகிறோம். இங்கே மலேசியாவில் அடுக்குமாடி வீடுகளில் விளக்கைத் தேடி வரும் சார்லி எறும்பையே பாருங்கள். அது எறும்பே இல்லை, வண்டு. தோலில் வைத்து நசுக்கினால் அதன் நஞ்சு பட்டுக் கொப்புளம் வந்துவிடும். ஊதித் தள்ளுவதே நல்லது. பெயரை நம்பி எறும்பைப் போல நசுக்கியவர்கள் எங்கள் மாடியிலேயே உண்டு, நான் உட்பட.

———

எழுதியது: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பட்டர்வொர்த்

பூச்சிபொட்டு அழகான சொல்தான், அம்மா. ஆனால் நீங்கள் காட்டிய வாக்கியத்தையே மறுபடி படியுங்கள். அது 'போகாதே' என்று மிரட்டும் சொல். பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூப்பிடும் தாளில் அது எப்படிப் பொருந்தும்?

தொல்காப்பிய மரபியலையும் புரட்டினேன். நந்துக்கு (நத்தை) ஈரறிவு, சிதலுக்கும் (கறையான்) எறும்புக்கும் மூவறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு. புலனை வைத்து அழகாகப் பிரித்திருக்கிறார், ஆனால் நமக்கு வேண்டிய பொதுச்சொல் அங்கே கிடைக்கவில்லை.

என் பரிந்துரை 'சிற்றுயிர்'. சிறு + உயிர். கிருமிக்கு நுண்ணுயிர் என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் இரண்டும் மோதாது. கண்ணுக்குத் தெரியாதது நுண்ணுயிர், குனிந்தால் தெரிவது சிற்றுயிர்.

———

எழுதியது: பாலர்பள்ளி ஆசிரியை, ஆயர் ஈத்தாம்

ஐயா, உங்கள் மடலைப் படித்துவிட்டு மாமியாரிடம் கேட்டேன். பூரான்? "பூச்சிபொட்டுதான்." தேள்? "ஆமா." நத்தை? "அது எப்படிம்மா பூச்சிபொட்டாகும், அது பாட்டுக்கு நத்தை." மண்புழுவுக்கும் அதே பதில். கடிப்பதும் கொட்டுவதும்தான் அவர் கணக்கில் பூச்சிபொட்டு. என் கூடையில் பாதி காலி.

ஆகவே சிற்றுயிருக்கு வந்துவிடுகிறேன். ஒரே ஒரு குறை, ஐந்து வயது வாயில் அது 'சித்துயிர்' ஆகிறது. காற்று காத்தாகும் ஊரில் இதற்கு என்ன செய்வது, விடுங்கள்.

'சிற்றுயிர் வேட்டை' மட்டும் வேண்டாம். வேட்டை என்றால் எங்கள் பையன்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள். 'சிற்றுயிர் தேடல்' என்று போடுகிறேன். ஒரு குவளையை விளிம்பு தரையோடு சமமாகும்படி புதைத்து, நான்கு கல் வைத்து மேலே ஓடு மூடி, காலையில் பார்த்துவிட்டுத் திறந்துவிடும் அந்த வேலைக்கு 'குழிப்பொறி' என்பது எல்லோருக்கும் சம்மதம்தானே? முடிந்ததும் குவளையை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுதான் பொரிந்து பறக்கும். நத்தையை வெறும் கையால் தொடாதே என்பதையும் தாளில் சேர்த்துவிடுவோம். இங்குள்ள பெரிய ஆப்பிரிக்க நத்தையில் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

மரவட்டைக்குப் பக்கத்தில் 'கொங்கோக்' என்று மலாய்ப் பெயரையும் போடலாமா? என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.