மறு: ‘வேப்’புக்குத் தமிழ்ச் சொல் – சுருட்டும் வேண்டாம், ஆவியும் வேண்டாம்

குழுமத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

‘வேப்’ எனப்படும் மின் சிகரட்டுக்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு ஒன்றாக வைத்து வாசித்தேன். மின்சுருட்டு, இலத்திரனியல் வெண்சுருட்டு, மின்புகைப்பான், ஆவிக்குழல், பேசாமல் ‘வேப்’ என்றே விட்டுவிடலாம் என்ற யோசனை, எல்லாம் வந்திருக்கின்றன. இவற்றில் சுருட்டையும் ஆவியையும் நான் முற்றாக எதிர்க்கிறேன். பதிலுக்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் என் அண்ணா முப்பது வருடமாக நாளுக்கு ஒரு பக்கற் சிகரட் பத்தியவர். அதை விட்டு மின் சிகரட்டுக்கு மாறப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் அந்தச் சாமானோடு வரும் சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே வேலை முடிந்து வந்து, இங்கே யாழ்ப்பாணத்தில் நடுச்சாமத்தில் எனக்குப் போன் எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்பார். அவருக்காக எழுதத் தொடங்கிய குறிப்புத்தான் இப்போது அவருடைய வயதுக்காரருக்கான ஒரு துண்டுப்பிரசுரமாக வளர்ந்து நிற்கிறது. ஆகவே நான் தேடுவது, பல வருடம் பத்திய ஒருவர் முதன்முதலாக ஒன்றை வாங்கக் கடைக்குப் போகும்போது அவரைப் பிழையான பக்கம் இழுத்துக்கொண்டு போகாத ஒரு சொல்லை.

துண்டுப்பிரசுரம் பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு மட்டும். இங்கே இலங்கையில் புகையிலை அடங்கிய மின் சிகரட்டுகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் 2016ஆம் ஆண்டு ஒழுங்குவிதி தடை செய்தது, இந்தியாவில் 2019இல் தனிச் சட்டமே வந்தது. அதனால் இங்கே யாரும் இதை வாங்கச் சொல்லும் மடலாக எடுக்க வேண்டாம். புகைக்காதவர்களும் பிள்ளைகளும் இதைத் தொடவே கூடாது என்பதுதான் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி.

இனி சுருட்டுக்கு வருகிறேன். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மின்சுருட்டு சிறிய சொல், பார்த்ததும் விளங்கும், ஏற்கெனவே பத்திரிகைகளில் வருகிறது.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். என் அம்மப்பா சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். புகையிலையைப் பதப்படுத்தி, கோடா என்ற கரைசலில் நனைத்து, உலர்த்தி, இலையை விரித்துச் சுருட்டி, நூலால் கட்டி, அப்படி ஆவதுதான் எங்களுக்குச் சுருட்டு. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாலே இலையும் நெருப்பும் கண்முன் வந்துவிடும். நாம் பேசும் இந்தச் சாமானில் இலை இல்லை, சுருட்டப்பட்ட எதுவும் இல்லை, நெருப்பு அறவே இல்லை. மாறுவதற்குக் காரணமே அந்த நெருப்பு இல்லாததுதான். சிகரட்டை இழுக்கும்போது அதன் நுனி 900 பாகை செல்சியசு வரை போகும், அப்படி எரியும்போதுதான் தாரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் உண்டாகின்றன. ஆளைப் பிடித்து வைத்திருப்பது நிக்கொட்டின், நுரையீரலையும் இருதயத்தையும் கெடுப்பதில் பெரும்பங்கு எரிந்த புகைக்கு. மின் சிகரட்டில் ஒரு கரைசல் சூடாக்கப்படுகிறது, எரிக்கப்படுவதில்லை. அதனால் தீங்கு மிகக் குறைவு என்றுதான் பிரித்தானியச் சுகாதார சேவை சொல்கிறது, தீங்கே இல்லை என்று சொல்லவில்லை.

பெயர் ஆளைப் பிழையாக நடத்தும் என்பதை நான் கண்ணால் கண்டேன். சிகரட்டுக்குப் பதிலாக வருவது சிகரட் போலத்தானே இருக்கவேண்டும் என்று நினைத்து, அண்ணா முதலில் வாங்கியது மெல்லிய வெள்ளைக் குச்சி மாதிரியான ஒன்று, இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் இருக்கும் பற்றரி சின்னன், நாளுக்கு இருபது பத்தியவருக்கு அது எந்த மூலைக்கும் காணாது. ஒரு கிழமையில் பழைய பக்கற்றுக்கே திரும்பிவிட்டார். ‘வெண்சுருட்டு’ என்று நாமே பெயர் வைத்துக் கொடுத்தால் இன்னும் எத்தனை பேரை அந்த வெள்ளைக் குச்சியிடம் அனுப்புவோம்?

வினைச்சொல்லிலும் இதே சிக்கல். நாங்கள் சிகரட் ‘பத்துகிறோம்’. பத்துதல் என்பது பற்றுதல், தீப்பற்றுதலில் வரும் அதே பற்று. பற்றாத ஒன்றை எப்படிப் பத்துவது? இழுத்தல் என்பதே போதும், எல்லா ஊருக்கும் விளங்கும்.

சரி, புகை இல்லையென்றால் ஆவிதானே என்று கோயம்புத்தூர் நண்பர் கேட்டிருந்தார். இதைத்தான் நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். நம் வீடுகளில் ஆவி என்றால் மருந்து. தடிமன் பிடித்தால் நொச்சி இலை போட்டு, போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடிப்போம், எங்கள் ஊரில் வேது பிடிப்பது என்றும் சொல்வார்கள். அண்ணி ஒருநாள் போனில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “இது வெறும் ஆவிதானே தம்பி, பேரப்பிள்ளை படுத்திருக்கிற அறைக்குள்ள இவர் இழுத்தால் என்ன?” அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல் அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

அறிவியலாகப் பார்த்தாலும் அது ஆவி இல்லை. கரைசலில் பெரும்பங்கு புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் என்ற இரண்டு திரவங்கள், மிச்சம் நிக்கொட்டினும் மணச்சரக்கும். சூடான கம்பிச்சுருளில் பட்டதும் அது ஆவியாகிறது, ஆனால் வாய்க்கு வருவதற்குள் குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துளிகளாக மாறிவிடுகிறது. மார்கழிக் குளிரில் நுவரெலியாவில் நின்று மூச்சு விட்டால் வெள்ளையாக வருமே, அதுவும் துளிதான், நாம் பழக்கத்தில் ஆவி என்கிறோம். ஆங்கிலப் பெயரே ஆவி என்ற சொல்லிலிருந்து பிழையாகப் பிறந்தது, அந்தப் பிழையை நாமும் சுமக்க ஒரு காரணமும் இல்லை.

நான் முன்வைக்கும் சொல் துமிக்குழல்.

துமி என்றால் சிறுதுளி, தூறல் மழையின் துளி. அகராதிகளில் இருக்கிறது, நாமாகச் செய்ததில்லை. குழல், உள்ளே துளையுள்ளது, ஊதுகுழலில் இருந்து துப்பாக்கிக் குழல் வரை எல்லோருக்கும் தெரியும். ‘மின்’ சேர்க்கவில்லை. சேர்த்தால் மின்னணுவா இலத்திரனியலா என்று தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையில் இன்னொரு இழை தொடங்கும், அதோடு இப்போது மின் இல்லாத சாமான் எது? துமித்தல் என்றால் வெட்டுதல் என்றும் பழைய இலக்கியத்தில் பொருள் உண்டே என்று தமிழாசிரியர்கள் கேட்பீர்கள், உண்மைதான். துமிகுழல் என்று வினைத்தொகையாக எழுதினால் வெட்டுகிற குழல் என்றும் படிக்க இடமிருக்கிறது. அதனால்தான் வல்லினம் மிகுத்துத் துமிக்குழல் என்கிறேன். அந்த ஒற்றைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

‘நேற்று வந்த சாமானுக்கு ஏன் இவ்வளவு மெனக்கேடு, நாளைக்குப் போய்விடும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நேற்று வந்ததில்லை. புகையில்லாச் சிகரட் ஒன்றுக்கு ஹேர்பேர்ட் கில்பேர்ட் என்ற அமெரிக்கர் 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார், அது சந்தைக்கு வராமலே போனது. இப்போது உலகம் முழுவதும் ஓடுவது ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் 2003இல் உருவாக்கியதன் வழி வந்தது. அவரே கடுமையாகப் புகைத்தவர், தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இருபது வருடம் தாண்டிய ஒன்றுக்கு ஒழுங்கான பெயர் இல்லாதது நம் குறை.

‘வேப்’ என்றே விடுவதில் எனக்குப் பகையில்லை, இளம்பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள், துண்டுப்பிரசுரத்தில் முதல் தடவை அடைப்புக்குள் போடுவேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கரைசலைக் கடைகளில் ‘ஒயில்’ என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. வேப்புக்கான எண்ணெய் என்பதைத் தமிழில் சேர்த்துச் சொன்னால் வேப்பெண்ணெய்! வேப்பெண்ணெய் இல்லாத வீடு எங்களிடம் குறைவு. எண்ணெய் எதையும் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுப்பது ஆபத்து. 2019இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு ஆசுப்பத்திரிக்குப் போனபோது, கள்ளச்சந்தைக் கஞ்சாக் கரைசலில் கலந்திருந்த எண்ணெய்த்தன்மையான விற்றமின் ஈ அசற்றேற்றுத்தான் முக்கிய காரணமாகப் பிடிபட்டது. ஆகவே எண்ணெய் என்ற சொல் எந்த இடத்திலும் வேண்டாம். சாறு, பானம் என்பனவும் வேண்டாம், நிக்கொட்டின் விழுங்கினால் நஞ்சு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும். எனக்குக் ‘கோடா’ என்று வைக்க ஆசை இருந்தது, அம்மப்பாவின் கொட்டில் வாசம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களும் ஊறலைக் கோடா என்றுதான் சொல்கிறார்கள், அதனால் மனதில்லாமல் விட்டுவிட்டேன். ‘கரைசல்’ என்பதே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த சொல், கரைசலை யாரும் குடிக்கமாட்டார்கள்.

அடுத்தது, முதல் துமிக்குழலைத் தெரிவு செய்பவருக்கு உண்மையில் முக்கியமான இடம். இழுக்கும் விதம் இரண்டு. சிகரட் பத்துகிறவர் புகையை முதலில் வாய்க்குள் எடுத்து, பிறகு மூச்சோடு உள்ளே விடுகிறார். மற்ற விதத்தில் நேரே ஒரே மூச்சில் நெஞ்சுக்குள். சாமான்களும் இப்படி இரண்டு வகையாகவே செய்யப்படுகின்றன, கடையில் பெரிய முகில் விடுகிறதைக் காட்டி இரண்டாவதை ஒருவர் தலையில் கட்டிவிட்டால் அவர் இருமி இருமியே வெறுத்துப்போவார். ‘வாய்வழி இழுப்பு’, ‘நெஞ்சு இழுப்பு’ என்று இங்கே வந்த இரண்டும் சரிவராது, எல்லாமே வாய்வழிதானே. முதலாவதை ஈரிழுப்பு (இரண்டு படியாக இழுப்பது), மற்றதை நேரிழுப்பு என்று வைப்போம். சிகரட்டில் இருந்து மாறுகிறவருக்கு ஈரிழுப்புக் குழல்: காற்று இறுக்கமாக வரும், கம்பிச்சுருளின் மின்தடை 1 ஓமுக்கு மேலே, கரைசலில் கிளைக்கோலும் கிளிசரினும் பாதிக்குப் பாதி. சுருட்டுக்காரர் புகையை வாயோடு வைத்து விட்டுவிடுவார், அவருக்கு இரண்டுமே புதிது.

தொண்டையில் உறைக்கும் அந்த உணர்வுக்கு நண்பர்கள் ‘தொண்டைத் தாக்கு’, ‘தொண்டை அடி’ என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எங்களிடம் காறல் இருக்கிறதே! கருணைக்கிழங்கு காறும், புகையிலை காறும். அண்ணாவிடம் ‘காறல் காணுமா?’ என்று கேட்டதும் ஒரு விளக்கமும் இல்லாமல் பதில் வந்தது. இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த சொல் இதுதான்.

நிக்கொட்டின் செறிவு பற்றி எழுதும்போது ஒரு பெரிய பள்ளத்தில் விழப் பார்த்தேன். ‘நிக்கொட்டின் உப்பு’ என்று நேரே எழுதிவிட்டேன், வேதியியலில் சரி. அண்ணா வாசித்துவிட்டு, “எனக்குப் பிரசர், டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவர், எனக்கு இது சரிவராது” என்று ஒதுக்கிவைத்துவிட்டார். சோற்றில் போடும் உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்தால் காறல் குறையும், கூடிய செறிவையும் இதமாக இழுக்கலாம், அவ்வளவுதான். (பிரசர்க்காரர் கவனிக்கவேண்டியது நிக்கொட்டினை, அது எந்த வடிவில் போனாலும் அந்த நேரத்துக்கு இரத்த அழுத்தத்தைக் கூட்டும். டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.) ‘மென்நிக்கொட்டின்’ என்ற யோசனையை ஏற்கமாட்டேன், மென்மை தொண்டைக்கு மட்டும், உடம்புக்குள் போகும் அளவு மென்மையாகாது. ‘காறல் குறைத்த நிக்கொட்டின்’ நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

செறிவை எண்ணாலேயே எழுதுவோம். பிரித்தானியாவில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் மேல்வரம்பு, குழலில் கரைசல் நிற்கும் குப்பி 2 மில்லிலீற்றருக்குள், நிக்கொட்டின் கலந்த கரைசல் போத்தல் 10 மில்லிலீற்றருக்குள். நாளுக்கு ஒரு பக்கற் பத்தியவர் ‘குறைவுதான் நல்லது’ என்று 3இல் தொடங்கினால் அடங்காது, மறுபடி சிகரட்டைத் தேடுவார், அண்ணாவின் இரண்டாவது தோல்வி அதுதான். 18, 20 என்று தொடங்கிப் பிறகு படிப்படியாக இறங்கலாம். ஆனால் அதே 20ஐ நேரிழுப்புக் குழலில் போட்டால் தலைசுற்றும், சத்தி (வாந்தி) வரும். இரண்டு சொற்களும் தெளிவாகப் பிரிந்து நிற்கவேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். ஒருமுறை பாவித்து எறியும் வகையை 2025 யூன் 1 முதல் அங்கே விற்க முடியாது, அதற்குச் சொல் தேடி மினக்கெட வேண்டாம்.

கம்பிச்சுருளுக்கு நடுவே இருக்கும் பஞ்சுக்குத் திரி. குத்துவிளக்கில் இருந்து நேரே எடுத்தேன். புதுச்சுருள் போட்டுக் கரைசல் விட்டபின் திரி நனைய ஐந்து பத்து நிமிடம் பொறுக்கவேண்டும், பொறுக்காமல் இழுத்தால் காய்ந்த திரி கருகித் தொண்டையைப் பிய்க்கும். அந்த இழுப்புக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ‘கருகல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், சோறு அடிப்பிடித்த மாதிரி ‘அடிப்பிடிப்பு’ என்று அண்ணி சொல்கிறார். எது நல்லது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை வரைவை அண்ணாவுக்கு அனுப்பவேண்டும். அவர் இப்போது சிகரட் இல்லாமல் நாலாவது மாதம்.